பாவ் தின்ற பாவம்

எங்கள் ஊரில் ரொட்டி என்பது வியாதியைச் சேர்ந்த பொருள். யாருக்காவது நாலு நாள் விடாமல் காய்ச்சல் அடித்தால், டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சாதம் வேண்டாம், ரொட்டியும் பாலும் கொடுங்கள்" என்று சொல்லுவார். ஒரு பையன் கடைத்தெருவுக்கு ஓடி ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு வருவான். அது சமையலறைக்குள் நுழையாது. கூடத்து மாடத்தில் உட்கார்ந்து, நோயாளியோடு நோயாளியாக இரண்டு நாள் இருக்கும். காய்ச்சல் விட்டதும் மிச்சம் மாட்டுத் தொட்டிக்குப் போய்விடும். உடம்பு சரியாக இருக்கிற ஒரு மனிதன், நட்டநடு வீதியில் நின்றுகொண்டு ஆசைப்பட்டு ரொட்டி தின்பான் என்பது எங்களுக்குத் தெரியாத சங்கதி.

ஆகையால் 1998-ல், என் 19-வது வயதில், பம்பாய் தாதர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தபோது, ஊர் முழுவதும் ஜுரத்தில் கிடக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பாலத்தடியில், பஸ் நிற்கிற இடத்தில், மூட்டைக்குப் பக்கத்தில், எங்கே பார்த்தாலும் கையில் ரொட்டி. கோட்டுப் போட்டவர் கையிலும் ரொட்டி, கூலி கையிலும் ரொட்டி. ஒருவர்கூட உட்காரவில்லை. சிலர் நடந்துகொண்டே தின்றார்கள். ஒருவர் ஓடிக்கொண்டே தின்றதை நான் பார்த்தேன்.

(ஊருக்கு 1995-லேயே மும்பை என்று பெயரை மாற்றிவிட்டார்கள். ஆனால் என் அத்தை வீட்டில் எல்லோரும் பம்பாய் என்றே சொல்லிச் சொல்லி, என் பேனாவுக்கும் அதுவே பழகிவிட்டது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

அத்தை இருந்தது மாதுங்காவில். அங்கே அந்த நாளில் மைலாப்பூரில் கிடைக்கிற சாமான் எல்லாம் கிடைக்கும்; மைலாப்பூரில் கிடைக்காத ஆசாரமும் கிடைக்கும். நாற்பது வருஷம் பம்பாயில் குடித்தனம் நடத்தியும் அத்தை தன் அடுப்படிக்குள் ரொட்டியை விட்டதில்லை. "பாவ் தின்னா பாவம்டா" என்பாள். சிலேடை செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல்தான் சொல்லுவாள். அந்த ஊரில் ரொட்டிக்குப் பாவ் என்று பேர்.

அத்திம்பேர் பரேலில் ஒரு மில்லில் மஸ்டர் கிளார்க்காக இருந்து ஓய்ந்தவர். ஓய்ந்தவர் என்பதும் சரியில்லை. அதைப் பிறகு சொல்லுகிறேன். நான் போன இரண்டாம் நாள் சாயங்காலம், "இவனுக்கு ஊரைக் காட்டிட்டு வரேன்" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு என்னைக் கிளப்பிக்கொண்டு போனார். மில் சுவர் ஓரமாக ஒரு தள்ளுவண்டிக்கு முன்னால் நிறுத்தினார். வண்டிக்காரன் எண்ணெய்ச் சட்டியிலிருந்து உருண்டையாக ஒன்றை எடுத்தான். நம் ஊர் உருளைக்கிழங்கு போண்டாவுக்குச் சித்தப்பா பிள்ளை என்று சொல்லலாம். ஆனால் பெயர் வடை. ஒரு பாவை இரண்டாகப் பிளந்து, உள்ளே சிவப்பாக ஒரு பூண்டுப் பொடியைத் தூவி, வடையை நடுவில் வைத்து அமுக்கி, ஒரு பச்சை மிளகாயையும் பொரித்துச் சேர்த்துப் பழைய பேப்பரில் வைத்து நீட்டினான்.

"அத்தைகிட்ட மூச்சு விடாதே" என்றார் அத்திம்பேர்.

அதற்கப்புறம் பம்பாய்க்குப் பல தடவை போயிருக்கிறேன். அந்தத் தள்ளுவண்டிப் பண்டங்களைத் தின்றதோடு நில்லாமல் அவற்றின் பூர்வோத்தரத்தையும் அங்கங்கே விசாரித்துக்கொண்டு வந்தேன். தின்கிற பண்டத்துக்குப் பின்னால் இவ்வளவு சண்டையும் வைராக்கியமும் பட்டினியும் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பாவ் போர்த்துகீசியச் சொல். அவர்கள் பாஷையில் ரொட்டிக்குப் பாவ் என்றுதான் பேர். நாலு துண்டு ஒட்டிக்கொண்டு வருவதால் மராத்தியில் கால் பங்கைக் குறிக்கும் 'பாவ்' என்ற பெயர் வந்தது என்று சிலர் சொல்லுவார்கள். மாவைக் காலால் மிதித்துப் பிசைந்ததால் வந்த பெயர் என்று வேறு சிலர் சொல்லி, தின்கிறவன் வயிற்றைக் கலக்குவார்கள். இரண்டும் வெறும் கற்பனை.

1510-ல் போர்த்துகீசியர் கோவாவைப் பிடித்தார்கள். 1534-ல் பம்பாய்த் தீவுகளும் அவர்கள் கைக்கு வந்தன. கோவிலில் பூஜைக்கும் ரொட்டி வேண்டும், வீட்டில் சாப்பாட்டுக்கும் ரொட்டி வேண்டும். மாவைப் பொங்கவைக்கிற நொதி கிடைக்கவில்லை. கோவாவில் தென்னை இருந்தது, தென்னையில் கள் இருந்தது. கள்ளை ஊற்றி மாவைப் பொங்க வைத்தார்கள். அந்த ரொட்டிக்காரர்களுக்கு 'பொதேர்' என்று பேர். அதுவும் போர்த்துகீசியச் சொல்லின் சிதைவுதான். பம்பாயை 1661-ல் போர்த்துகீசிய ராஜகுமாரியின் கல்யாணச் சீதனமாக இங்கிலாந்து ராஜாவுக்குக் கொடுத்தார்கள். ராஜா அதை 1668-ல் வருஷத்துக்கு 10 பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுவிட்டார். ஊர் கைமாறியது, பாவ் அங்கேயே தங்கிவிட்டது. பிற்காலத்தில் பிழைப்பைத் தேடி வந்த கோவாக்காரர்கள் அடுப்புகளைப் பெருக்கினார்கள்.

கள் சேர்ந்த மாவு, கிறிஸ்தவர் கை, முஸ்லிம் அடுப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் அந்த நாளில் ஒரு ஹிந்துவின் வீட்டு வாசல்படி ஏற முடியுமா? கொங்கணக் கரையில் ஒரு கதை வாய்வழியாக வழங்குகிறது. பாதிரிமார் ராத்திரியில் ஊர்க் கிணற்றில் ஒரு ரொட்டித் துண்டைப் போட்டுவிடுவார்களாம். காலையில் ஊரார் தெரியாமல் அந்தத் தண்ணீரைக் குடித்துவிடுவார்களாம். விஷயம் வெளிப்பட்டதும் பக்கத்து ஊர்க்காரர்கள், "நீங்கள் மதம் மாறிவிட்டீர்கள்" என்று தள்ளிவைத்துவிடுவார்களாம். ஒரு ஊரின் பரம்பரை, ஆசாரம், பெண் கொடுத்து எடுக்கிற சம்பந்தம் எல்லாம் ஒரு துண்டு ரொட்டியில் கரைந்துவிட்டது என்று கதை. நடந்ததோ இல்லையோ, ரொட்டியிடம் ஜனங்களுக்கு எவ்வளவு பயம் இருந்தது என்பதற்கு அது போதும். பாதிரியைக் காட்டிலும் பக்கத்து ஊர்க்காரனிடம் இருந்த பயம்தான் அந்தக் கதையில் எனக்கு அதிகம் தெரிகிறது.

இதில் ஒரு வேடிக்கை. என் அத்தை தினமும் ராத்திரி மாவை அரைத்து மூடி வைப்பாள். காலையில் அது புளித்துப் பொங்கி, பாத்திரத்தை விட்டு எட்டிப் பார்க்கும். அதில் இட்லி வார்ப்பாள். புளித்த அரிசி மாவு ஆசாரம், புளித்த கோதுமை மாவு அனாசாரம். இதை ஒரு தடவை அவளிடம் சொன்னேன். "நீ இங்கிலீஷ் படிச்சதெல்லாம் இதுக்குத்தானா?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு இட்லி போட்டாள்.

சரி, இப்படி வாசலிலேயே நின்ற ரொட்டி எப்படி ஊர் முழுவதும் நுழைந்தது? அதற்கு மில்லுக்குப் போக வேண்டும்.

காவஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்ஸிக் கனவான் 1854-ல் நூற்பு மில் ஒன்றுக்குக் கம்பெனி சேர்த்தார். 1856-ல் தார்தேவில் அது ஓடத் தொடங்கியது. 1861-லிருந்து 1865 வரை அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் சண்டையிட்டபோது, இங்கிலாந்துக்கு அமெரிக்கப் பஞ்சு வருவது நின்று, பம்பாய்ப் பஞ்சு தங்கமாக விற்றது. சண்டை ஓய்ந்ததும் அந்தக் கொள்ளைப் பணமும் கரைந்து, பாங்குகளும் கம்பெனிகளும் சரிந்தன. ஆனாலும் மில்கள் வளர்ந்துகொண்டே போயின. பரேல், லால்பாக், வோர்லி என்று ஒரு பெரிய வட்டாரமே மில்லூர் ஆகிவிட்டது. 'கிரண்காவ்' என்று அதற்குப் பேர். கிரணி என்றால் மில், காவ் என்றால் ஊர். லட்சக்கணக்கில் ஆள் வேண்டியிருந்தது. ரத்னகிரியிலிருந்தும் ஸாதாராவிலிருந்தும் வந்தார்கள். பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். பெண்டாட்டி, பிள்ளை, மாடு எல்லாம் ஊரில். இவர்கள் 'சால்' என்கிற நீளக் கட்டடத்தில் ஓர் அறைக்குப் பத்துப் பேர், பதினைந்து பேர் என்று முறை வைத்துத் தூங்கினார்கள். பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் ராத்திரி ஷிப்டுக்காரன் படுப்பான். பாயின் சூடு ஆறுவதற்கு நேரமில்லை.

அறையில் அடுப்பு மூட்டினால் தூங்க இடம் இராது. அதனால் அந்தப் பேட்டைகளில் 'கானாவள்' என்று ஓர் ஏற்பாடு உண்டானது. புருஷனோடு பம்பாய்க்கு வந்த பெண்களோ, வந்த இடத்தில் புருஷனை இழந்த பெண்களோ, தங்கள் ஒற்றை அறையில் பத்துப் பதினைந்து பேருக்குச் சமைத்துப் போட்டு மாசக் கணக்கில் பணம் வாங்குவார்கள். ஊர்ச் சமையல், ஊர்ப் பேச்சு, கொஞ்சம் அதட்டல். இந்தப் பெண்கள் அரிசிக்கும் பருப்புக்கும் வட்டிக்குக் கடன் வாங்கியே நசித்தார்கள். 1975-ல் பிரேமா புராவ் என்ற தொழிற்சங்க மாது 'அன்னபூர்ணா மகிளா மண்டல்' என்று ஒன்றைத் தொடங்கி, பாங்குகளில் அவர்களுக்குக் கடன் வாங்கிக் கொடுத்தார். பம்பாய்ச் சரித்திரம் எழுதுகிறவர்கள் மில் முதலாளிகளின் படங்களைப் போடுகிற இடத்தில் இந்தப் பெண்கள் ஒருத்தியின் படத்தையாவது போட்டிருக்கலாம்.

கானாவளில் இரண்டு வேளை முடிந்துவிடும். நடுவில் வருகிற பசி? 1880-களுக்குப் பிறகு மில்களில் மின்சார விளக்கு வந்தது. சூரியன் விழுந்தால் வேலை முடிந்தது என்ற பழைய கணக்கு போய்விட்டது. தினம் 14 மணி நேரம்கூட வேலை வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதே நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவர் தொழிலாளிகளைக் கூட்டிப் போராடி 1890-ல் வாங்கித் தந்தது. வளர்ந்த ஆண்களுக்கு 12 மணி நேரம்தான் என்று துணி மில்களுக்குச் சட்டம் வந்தது 1911-ல். இத்தனை மணி நேரத்துக்கு நடுவில் பசித்தால் வெளியே ஓடிவந்து, கையலம்பாமல், இலை போடாமல், உட்காராமல் சில நிமிஷத்தில் வயிற்றை நிரப்பிக்கொண்டு, அடுத்த சங்கு ஊதுவதற்குள் உள்ளே ஓட வேண்டும். சாதம் இதற்குச் சரிப்படாது. சப்பாத்தியைச் சுட்டுத் தர ஆளில்லை. பாவ் ஒன்றுதான் முன்பே சுட்டு அடுக்கி வைக்கலாம், ஆறினாலும் கெடாது, குழம்பைத் தொட்டால் உறிஞ்சிக்கொள்ளும், தட்டு இல்லாவிட்டால் தானே தட்டாக இருக்கும். முளைகட்டிய பயற்றுக் குழம்பான உஸலோடு பாவ், அதன்மேல் காரச்சாறும் காராபூந்தி மாதிரி ஒரு கலவையும் தூவின மிஸலோடு பாவ், கடலைமாவுப் பஜ்ஜியோடு பாவ். ஆசாரத்தை யாரும் கூட்டம் போட்டு விடவில்லை. சங்கு ஊதியது, விட்டுவிட்டார்கள்.

இந்த இடத்தில், பசி வந்ததும் ஜாதி பறந்தது என்று ஒரு வரி எழுதிவிட எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. எழுதினால் பொய்யாகும். அதே மில்லுக்குள் தறிக்கூடத்தில் தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு வேலை கிடையாது. தறி நாடாவில் தார் மாற்றும்போது புது நூலின் முனையைச் சின்ன ஓட்டை வழியாக வாயை வைத்து உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒருவன் வாய் வைத்த நாடாவில் இன்னொருவன் வாய் வைக்க நேரும். எச்சில் தீட்டு. ஆகவே அவர்களை நூற்புப் பகுதியில் சம்பளம் குறைந்த வேலைகளோடு நிறுத்திவிட்டார்கள். 1928-ல் சுமார் ஒன்றரை லட்சம் பேர் ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்தபோது டாக்டர் அம்பேத்கர் சங்கத் தலைவர்களைப் பார்த்துக் கேட்டது இதைத்தான்: முதலாளியிடம் நியாயம் கேட்கிற உங்கள் கோரிக்கைகளில் எங்கள் ஆட்களுக்குத் தறிக்கூடத்தைத் திறந்துவிடுவதும் உண்டா, இல்லையா? அவர் வெளியூரிலிருந்து வந்து கேட்டவரில்லை. பரேலில் ஒரு சால் வீட்டில் 20 வருஷத்துக்கு மேல் குடியிருந்தவர்.

வாசலில் ஒரே சட்டி வடையைத் தின்றவர்கள் உள்ளே போய் நாடாவுக்குத் தீட்டுப் பார்த்தார்கள். தள்ளுவண்டிக்காரன் யார் என்ன ஜாதி என்று கேட்பதில்லை என்பது உண்மை. அவனுக்கு நேரமில்லை. அந்த நேரமின்மை ஜனங்களைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது என்று வேண்டுமானால் சொல்லலாம். அதற்குமேல் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

பாவ் பாஜி என்று இன்னொரு பண்டம். பெரிய இரும்புக் கல்லில் உருளைக்கிழங்கு, தக்காளி, பட்டாணி, இன்னும் கிடைத்த காய்கறி எல்லாவற்றையும் போட்டு மசித்து, கரண்டியால் கல்லைத் தட்டுகிற ஓசையிலேயே ஆளை இழுப்பார்கள். இதன் பிறப்பைப் பற்றி இரண்டு கதை. அமெரிக்கச் சண்டைக் காலத்தில் ராத்திரி முழுவதும் விலைச் செய்திக்காகக் காத்திருந்த பஞ்சுத் தரகர்களுக்காகத் தோன்றியது என்பது ஒன்று. மில் தொழிலாளிக்காக மிச்சக் காய்கறியைப் போட்டு மசித்தது என்பது மற்றொன்று. தரகர் கதை அழகாக இருக்கிறது. நானே நாவலில் வைத்துக்கொள்ளுவேன். ஆனால் பிறந்த இடத்தைப் பண்டத்தின் சுபாவத்தைக் கொண்டு தீர்மானிக்கலாம் என்றால், கிடைத்ததை எல்லாம் மசித்துவிடுகிற புத்தி பணக்காரன் புத்தி இல்லை. மேலே பாளம் பாளமாக மிதக்கிற வெண்ணெய் பின்னால் வந்த சுகம். குஜராத்தில் ஆனந்தில் 1946-ல் பால் கூட்டுறவு தொடங்கி, கட்டி வெண்ணெய் காகிதம் சுற்றி ஊரெல்லாம் வந்த பிற்பாடுதான் அந்தச் செழிப்பு.

கடற்கரைப் பண்டங்கள் வேறு ஜாதி. சௌபாத்தி மணலில் பொரி, ஓமப்பொடி, வெங்காயம், புளியும் பேரீச்சையும் கரைத்த சட்டினி எல்லாவற்றையும் கலந்து பேல் பூரி என்று கொடுப்பார்கள். நம் கடற்கரைச் சுண்டலைப் போல அது காற்று வாங்க வந்தவனுக்கு. சங்குக்கு ஓடுகிறவனுக்கு அல்ல. அந்த மணலில்தான் 1920 ஆகஸ்டில் திலகரின் உடலுக்கு நெருப்பு வைத்தார்கள். அங்கே அவர் சிலை நிற்கிறது, சுற்றிலும் பொரிக்கடை. இதை அபசாரம் என்று வருத்தப்பட்ட ஒருவரை நான் சந்தித்தேன். கையில் பேல் பூரி வைத்திருந்தார்.

ஈரானி ஹோட்டல்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். 1904-ல் தொடங்கிய கயானி மாதிரியான கடைகளில் பளிங்கு மேஜையும் வளைந்த நாற்காலியும் போட்டு, வெண்ணெய் தடவின பன்னும் டீயும் கொடுத்து, ஒரு டீயைக் குடித்துவிட்டு எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் எழுந்திரு என்று சொல்லாதவர்கள். உட்கார நேரம் உள்ளவனுக்கு ஈரானி, இல்லாதவனுக்குத் தள்ளுவண்டி.

இனி வடா பாவுக்கு வருகிறேன். உருளைக்கிழங்கு வடை மராத்தியர்களுக்குப் பழைய சிநேகிதம்; பாவும் இருந்தது. இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று வைத்த புண்ணியவான் அசோக் வைத்யா என்றும், 1966-ல் தாதர் ஸ்டேஷனுக்கு வெளியே கடை போட்டார் என்றும் பொதுவாகச் சொல்லுகிறார்கள். பக்கத்துக் கடையில் ஆம்லெட்டைப் பாவில் வைத்து விற்றதைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். தாதர் என்பது இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கிற இடம். மில்லுக்குப் போகிறவனும் வருகிறவனும் அங்கே இறங்கி மாறுவான். கடை போட அதைவிட நல்ல இடம் பிரம்மதேவனுக்கும் தோன்றியிராது.

அதே 1966 ஜூன் 19-ந் தேதி பால் தாக்கரே சிவசேனையைத் தொடங்கினார். பம்பாயில் குமாஸ்தா வேலை எல்லாம் 'மதராஸி'களுக்குப் போகிறது, மண்ணின் மைந்தனுக்கு இல்லை என்பது முதல் கோஷம். லுங்கியைக் கேலி செய்கிற ஒரு கோஷமும் கிளம்பியது. உடுப்பி ஹோட்டல்கள் தாக்கப்பட்டன. இட்லி தோசைக்குப் போட்டியாக மராத்திப் பையன்கள் வடா பாவ் கடை போடட்டும் என்று உற்சாகப்படுத்தினார்கள். இப்படியாக ஒரு போண்டா கொடிக்கம்பத்தில் ஏறியது.

அந்தக் கொடியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பாவ் போர்த்துகீசியர் கொடுத்தது. உருளைக்கிழங்கும் மிளகாயும் கடல் தாண்டி அமெரிக்காவிலிருந்து வந்தவை. உருளைக்கிழங்குக்கு மராத்தியில் 'படாடா' என்று பேர். அந்தச் சொல்லே போர்த்துகீசியர் வாயிலிருந்து வந்ததுதான். மண்ணின் மைந்தர்கள் என்று பார்த்தால் கடலைமாவும் பூண்டும் கொப்பரையும் தேறுகின்றன. நம் சாம்பாரில் உள்ள மிளகாயின் ஜாதகமும் இதேதான் என்பதால் நாம் ரொம்பச் சிரிக்க வேண்டாம்.

நான் அத்திம்பேரைக் கேட்டேன்: "உங்களைத் துரத்தறதுக்குன்னு ஊதிவிட்ட பண்டம்னா இது? இதைப் போய் இப்படி ரசிச்சுச் சாப்பிடறேளே!"

"கோபம் அவாளுக்கு என் உத்தியோகத்து மேல. எனக்கு வடை மேல என்ன கோபம்?" என்றார். கொஞ்சம் மென்றுவிட்டு, "தாராவியிலேர்ந்து நம்மவன் ஒருத்தன் சைக்கிள்ல இட்லி கொண்டு வருவான். ரப்பர் ஹாரனை அமுக்கிண்டு வருவான். அவன்கிட்ட யார் வாங்குவான்னு நினைக்கறே? சால்ல இருக்கிற மராத்திக்காரன் அத்தனை பேரும். காலம்பற அவன் நம்ம இட்லி, சாயங்காலம் நான் அவன் வடை. கணக்குச் சரியாப் போச்சு" என்றார். மஸ்டர் கிளார்க் அல்லவா!

1982 ஜனவரி 18-ந் தேதி, டாக்டர் தத்தா ஸாமந்த் தலைமையில் பம்பாய் மில் தொழிலாளிகள் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். அந்த வேலைநிறுத்தம் முடிந்தது என்று யாரும் இன்றுவரை முறையாக அறிவிக்கவில்லை. ஒரு வருஷம் போயிற்று, ஒன்றரை வருஷம் போயிற்று. சிலர் உள்ளே திரும்பினார்கள். பல மில்கள் திறக்கவே இல்லை. ஆயிரக்கணக்கான பேர் ஊருக்குத் திரும்பினார்கள். கானாவள் பெண்களுக்குச் சோறு போட ஆளில்லை. போட்ட சோற்றுக்குக் காசு வரவில்லை. ஊருக்குத் திரும்ப முடியாதவர்கள் காய்கறி விற்றார்கள், ஆட்டோ ஓட்டினார்கள், காவல்காரன் ஆனார்கள். சிலர் ஒரு ஸ்டவ்வும் சட்டியும் வாங்கிக்கொண்டு, தாங்கள் எந்த வாசல் வழியாக ஓடி ஓடிப் போனார்களோ அந்த வாசலிலேயே வடை போட நின்றார்கள்.

அத்திம்பேர் வேலை பார்த்த மில்லின் பெயர் இங்கே வேண்டாம். அது திறக்கவில்லை. அவருக்கு வரவேண்டிய பணத்தில் பாதிதான் வந்தது, அதுவும் பதினாலு வருஷம் கழித்து. அவர் 24 வருஷம் உத்தியோகம் பார்த்தவர். வேலையை விட்டு ஒருநாளும் ஓய்வு பெற்றதில்லை; வேலைதான் அவரை விட்டுப் போயிற்று. அதற்கப்புறம் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதினார்.

அந்த முதல் சாயங்காலம் எனக்கு வடா பாவ் கொடுத்த வண்டிக்காரன் அதே மில்லில் தறி ஓட்டினவன் என்று அன்றே தெரிந்துகொண்டேன். எப்படி என்றால், எங்களைக் கண்டதும் அவன் சட்டியிலிருந்து நிமிர்ந்து, தன் இடது மணிக்கட்டை, அதில் கடிகாரம் இல்லாவிட்டாலும், உற்றுப் பார்த்து, "கிளார்க் சாகேப்! அஞ்சு நிமிஷம் லேட்!" என்று ஹிந்தியில் சத்தம் போட்டான். சுற்றி நின்றவர்களில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர்களும் பழைய ஆட்கள்தான் போலிருக்கிறது. அத்திம்பேரும் சிரித்தார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "இவன் பேருக்கு நேரே எத்தனை நாள் லேட்னு போட்டிருக்கேன் தெரியுமா? அஞ்சு நிமிஷத்துக்கு அரைநாள் கூலி போயிடும்" என்றார். பிறகு வீடு வருகிறவரைக்கும் ஒன்றும் பேசவில்லை. வாசலில் நின்று வாயைக் கொப்புளித்தார். என்னையும் கொப்புளிக்கச் சொன்னார்.

அவர் 2006-ல் காலமானார். அதற்குப் பத்து வருஷம் கழித்து நான் அந்தப் பக்கம் போனேன். மில் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அந்தப் பேட்டை முழுவதுமே அப்படித்தான் ஆகிவிட்டது. ஃபீனிக்ஸ் மில் பெரிய கடைவளாகமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒரு புகைபோக்கியை மாத்திரம் சில இடங்களில் இடிக்காமல் விட்டு வைத்திருக்கிறார்கள், அழகுக்கு. கண்ணாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குளிர்சாதன வசதியோடு ஒரு கடையில் வடா பாவ் விற்றார்கள். பீங்கான் தட்டில் வைத்து, பக்கத்தில் முள்கரண்டி கொடுத்தார்கள். உட்கார நாற்காலியும் இருந்தது. நான் வாங்கினேன். வடை நன்றாகத்தான் இருந்தது. தள்ளுவண்டி எங்கே போயிற்று என்று வாசல் காவல்காரரிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, அவர் பீஹாரிலிருந்து வந்து ஆறு மாசம்தான் ஆகிறதாம்.

அன்று ராத்திரி மாதுங்காவில் அத்தைக்கு எதிரில் உட்கார்ந்து மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்போது 78 வயது. கண் சரியாகத் தெரியாது.

"அவர் நிப்பாரே, அந்தக் கடை இருக்கோ?" என்றாள் திடீரென்று.

எனக்குப் பிடி சாதம் தொண்டையில் நின்றுவிட்டது. "எந்தக் கடை அத்தை?"

"எந்தக் கடையா? பூண்டு வாசனை தெரியாமலா முப்பது வருஷம் அவர் சட்டையைத் தோய்ச்சுப் போட்டேன்?" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினாள்.